அடியெடுத்துக் கொடுத்தவர்

மேடையில் ஒருவர் பேச்சை நிறுத்தினால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மற்றொன்று, அடுத்த வரி அவருக்கு மறந்துவிட்டது. பார்வையாளர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இது அதுவா, அது இதுவா என்று ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டிய ஒரே ஆள், பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து மறந்த வரியை எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர். என் தங்கையின் கணவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை அந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். நாடகக் குழுவில் அவருக்கு முணுமுணு என்று பெயர். முதலாளி முதல் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வரை எல்லோருக்கும் அவர் முணுமுணுதான். இடது பக்கத் திரைக்குப் பின்னால் அவருடைய இடம். நீலக் காகிதம் சுற்றிய சிறு விளக்கு, மடியில் நாடகப் பிரதி. குரல் மேடையில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசையில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. அந்த அளவு குரலை அவர் எங்கிருந்து கொண்டு வருகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உதடு அசைவதே தெரியாது.

"முழு வரியையும் கொடுத்துடக் கூடாது மச்சான்" என்பார். "முதல் ரெண்டு வார்த்தை. அடியெடுத்துக் கொடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சது. மீதிய அவன்தான் தேடி எடுக்கணும். முழுசாக் கொடுத்துப் பழக்கினா நடிகன் சோம்பேறி ஆயிடுவான். அப்புறம் பாடமே பண்ண மாட்டான்."

"மறந்துட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணுதான். நடிக்கிறவன் எதிர்ல நிக்கிறவனைப் பார்ப்பான். மறந்தவன் கண்ணு என் பக்கம் வரும். தலை திரும்பாது, கண்ணு மட்டும் வரும். வந்துட்டா நான் வாயைத் திறந்தாகணும்."

குழுவில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ராஜா வேடக்காரர் ஒரு நாள் மூக்கு முட்டக் குடித்துவிட்டு மேடையேறிவிட்டார். மகாராணியின் முன்னால் நின்று மார்பில் கை வைத்தார். வரி வரவில்லை. மாப்பிள்ளை அடியெடுத்துக் கொடுத்தார். ராஜா அசையவில்லை. மறுபடியும் கொடுத்தார். அசையவில்லை. மாப்பிள்ளை பொறுமையிழந்து, "சொல்லித் தொலைடா தடியா" என்று கிசுகிசுத்தார். உடனே ராஜா கம்பீரமாகக் கையை உயர்த்தி, மகாராணியைப் பார்த்து, "சொல்லித் தொலைடா தடியா!" என்று முழங்கினார். அரங்கமே கைதட்டியது. நாடகம் எழுதியவர் மறுநாள் வந்து, அந்த வரியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம். கடைசிச் செய்தியை நான் சரிபார்க்க முடியவில்லை. மற்றவை நடந்தவை. அன்று நான் அரங்கில் இருந்தேன்.

என் தங்கை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள். தெருவில் யாராவது வணக்கம் சொல்லி, அவர் யாரென்று அவளுக்குப் பிடிபடாவிட்டால், "கொஞ்சம் வாயைத் திறங்க, யாருன்னு சொல்றேன்" என்பாள். எதிரில் நிற்பவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பெயர் அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். கல்யாணமான புதிதில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் காது வலிக்கத் திரும்புவேன். இவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் அடுப்பைப் பார்க்கப் போவாள். அவர் மீதியை முடிப்பார். அவள் ஒரு பெயரைத் தேடி விரலைச் சொடுக்குவாள். விரல் சொடுக்கி முடிவதற்குள் பெயர் அவர் வாயிலிருந்து வந்துவிடும். "வீட்லயும் வேலை பார்க்கிறாரு அண்ணா இந்த மனுஷன். சம்பளம் கேட்காம இருந்தா சரி" என்பாள்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் வீடு. கீழிருந்து எண்ணெய் வாசனையும் பம்பின் ஓசையும் மாடி வரை வரும். ஒரே மகள். படித்து, இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, நகரின் மறுபக்கத்தில் குடித்தனம் நடத்துகிறாள்.

மாப்பிள்ளை ஓய்வு பெற்ற பிறகு பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

பழைய நடிகர் ஒருவர் இறந்து, இவர் அஞ்சலி சொல்ல எழுந்து நின்றபோது, அந்த நடிகரின் பெயரே அவருக்கு வரவில்லையாம். எதிரில் அவருடைய படம் மாலையோடு இருக்கிறது. பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பெயர் வந்து நின்றதாம். அன்றிலிருந்து தன்னைத்தானே வேவு பார்க்கத் தொடங்கினார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பார். குடையைக் கடைக்குக் கடை விட்டுவிட்டு வருவார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுவதும் தேடுவார்.

"மச்சான், எனக்குக் கழண்டுக்கிட்டு வருது" என்றார் என்னிடம்.

"வயசானா எல்லாருக்கும்தான் மாப்பிள்ளை."

"எங்கப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. வயசாயிடுச்சு, குழந்தை மாதிரி ஆயிட்டாருன்னு. கடைசில என்னைப் பார்த்து, வாடகை கேட்க வந்தவன்னு நினைச்சு விரட்டினார்."

என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "இவருக்கு மறதி வந்தா எனக்கு நிம்மதி அண்ணா. பழைய சண்டையெல்லாம் ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருக்காரு."

அதன் பிறகு குடும்பம் முழுவதும் அவரையே கவனித்தோம். மகள் வாரம் தவறாமல் தொலைபேசியில் அழைத்து, "அப்பா எப்படி இருக்கார்?" என்று அம்மாவிடம் கேட்பாள். "அப்படியேதான்" என்று அம்மா பதில் சொல்வாள். நான் போகும்போதெல்லாம் பேச்சோடு பேச்சாக அவரிடம் பழைய விஷயங்களைக் கேட்டுச் சோதிப்பேன். சில பெயர்கள் தாமதமாக வந்தன. வராமல் போனது எதுவுமில்லை. ஆனாலும் அவருக்கு உறக்கமில்லை. குளிக்கும்போது பழைய நாடகங்களை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்துப் பார்ப்பதாகக் கீழ்க் கடைக்காரர் சொன்னார். "தண்ணி விழற சத்தத்தோட ராணி அழுற சத்தமும் கேட்குது சார், பஞ்சர் ஒட்டவே மனசு வரல" என்றார்.

அந்தக் காலத்தில் என் தங்கை எப்படி இருந்தாள் என்பதை இப்போது யோசித்து எழுதுகிறேன். பின்னால் தெரிந்ததை முன்னால் பார்த்ததாக எழுதிவிடக் கூடாது என்பதால் நிச்சயமானவற்றை மட்டும் சொல்கிறேன். தனியாகக் கீழே இறங்குவதை நிறுத்தியிருந்தாள். முழங்கால் வலி என்றார்கள். சமையலை மெல்ல மெல்ல அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவர், பொழுது போக வேண்டாமா என்றார்கள். பக்கத்து வீட்டம்மாளிடம் கூட "வாயைத் திறங்க, யாருன்னு சொல்றேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். கேள்வி எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன்னால் அவள் கண் இடது பக்கம், அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போய்விட்டு வந்தது. இதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வயதான காலத்தில் புருஷன் மேல் இவ்வளவு பிரியமா என்று என் மனைவி கூடச் சொன்னாள்.

அவர் தாமாகவே மருத்துவரிடம் போக முடிவு செய்தார். துணைக்கு என் தங்கையையும் என்னையும் அழைத்துக்கொண்டார். நடந்ததை நேரில் பார்த்தபடி எழுதுகிறேன்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. சத்தமில்லாமல் பேசுபவர். மாப்பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, "ஐயா, மூணு வார்த்தை சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்பேன். சாவி, குடை, ரயில்" என்றார்.

"அவர்கிட்ட குடையை மட்டும் கொடுக்காதீங்க டாக்டர், எங்கயாவது விட்டுட்டு வந்துடுவார்" என்றாள் தங்கை. டாக்டரும் சிரித்துவிட்டார்.

பிறகு கணக்குகள், படங்கள், பின்னாலிருந்து எண்ணுவது என்று ஏதேதோ. எல்லாவற்றையும் செய்தார். கடைசியில் அந்த மூன்று வார்த்தைகள்.

"சாவி. குடை." நின்றார். "மூணாவது... இருங்க... நாக்கு நுனில இருக்கு." சட்டைக் காலர் நனைந்துவிட்டது. வரவில்லை.

"பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் என் தங்கை பக்கம் திரும்பினார். "இவருக்கு இது எப்ப இருந்தும்மா?"

தங்கையின் கண் இடது பக்கம் போனது.

"போன மழைக்கு" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

"போன மழைக்கு முன்னாடி இருந்தே டாக்டர்" என்றாள் தங்கை.

"பிள்ளைங்க?"

கண் போனது. "ஒரே பொண்ணு" என்றது அந்தக் குரல்.

"ஒரே பொண்ணு டாக்டர். நல்லா இருக்கா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்க கொஞ்சம் வெளில உட்காருங்க."

தன்னைப் பற்றி ஏதோ மோசமாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் தலை குனிந்து வெளியே போனார். கதவு மூடிக்கொண்டது.

"உங்க பொண்ணு என்ன வேலை பார்க்கிறாங்கம்மா?"

தங்கையின் கண் இடது பக்கம் போனது. நாற்காலி காலியாக இருந்தது. கண் அங்கேயே நின்றது. நான் வாயைத் திறக்கப் போனேன். டாக்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அவரைக் கேளுங்களேன்" என்றாள் தங்கை.

"இப்ப என்ன மாசம்?"

"காலண்டர் வீட்ல இருக்கு."

"கொஞ்சம் முன்னாடி உங்க வீட்டுக்காரர்கிட்ட மூணு வார்த்தை சொன்னேனே?"

"சொன்னீங்களா?"

"ஒண்ணு, பூட்டைத் திறக்கறது."

"எதுக்குப் பூட்டைத் திறக்கணும்?"

"சாவின்னு சொன்னேனே."

"இல்லையே. அப்படி எதுவும் நீங்க சொல்லலையே" என்றாள், வரவேற்பு மேசையில் தேதி தவறி வந்தவரிடம் பேசும் அதே இனிமையோடு. பிறகு டாக்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வாயைத் திறங்க, யாருன்னு சொல்றேன்" என்றாள்.

அப்போது கதவு படீரென்று திறந்தது. மாப்பிள்ளை தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "ரயில், டாக்டர்! ரயில்!"

ஸ்கேனும் மற்றப் பரிசோதனைகளும் முடிந்து, மகளும் வந்த பிறகு டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தங்கை வெளியே நர்ஸோடு இருந்தாள்.

"ஐயா, உங்களுக்கு வந்திருக்கிறது வயசு. மூளைக்கும் தோல் மாதிரி வயசாகும். வார்த்தை உள்ளதான் இருக்கு, தேடி எடுக்க நேரமாகுது. ஒரு சின்னக் குறிப்பு கொடுத்தா வந்துடும். இல்லேன்னா தானா வரும், வெளில போய் நின்னப்ப வந்த மாதிரி. அம்மாவுக்கு வந்திருக்கிறது வியாதி. குறிப்பு கொடுத்தாலும் வராது. ஏன்னா உள்ள போய்ப் பதியவே இல்ல."

"வயசானா இது வருமா டாக்டர்?" என்றாள் மகள்.

"வயசு ஏற ஏற வர்ற வாய்ப்பு கூடும். ஆனா வயசானா வந்தே தீரும்னு இல்ல. ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கன்னு ஆரம்பத்துல எங்களுக்கே சில சமயம் தெரியாது. அம்மா அந்தக் கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டாங்க. சில வருஷமாவே இருந்திருக்கும். வெளில தெரியல."

ஏன் தெரியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மகள் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மட்டும், "கண்ணு என் பக்கம் வந்தது" என்றார். "நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன்." டாக்டருக்கு அது விளங்கவில்லை. மாத்திரை எழுதினார். கொஞ்ச காலம் ஓரளவுக்கு உதவலாம், குணமாகாது என்றார். எழுந்திருக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "அவங்களால முடிஞ்சதை அவங்களே செய்யட்டும். நீங்க முந்திக்காதீங்க."

அந்த ஒரு வார்த்தையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தவரின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "மச்சான், நான்தான் அவளைச் சோம்பேறி ஆக்கிட்டேன்" என்றார். ஒரு நடிகரைப் பற்றிச் சொன்னார். பாடம் பண்ணாமல் எல்லாவற்றுக்கும் இவரையே நம்பியிருந்தவர். ஒத்திகையில் இவர் ஒரு நாள் பிரதியை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாராம். அந்த ஆள் திட்டினார், கெஞ்சினார், காலை உதைத்தார். இவர் அசையவில்லை. முதல் காட்சியன்று ஒரு வரி பிசகாமல் நடித்தார் அந்த நடிகர். "மூடி வச்சாத்தான் வரும். இத்தனை வருஷம் நான் முழு வரியையும் கொடுத்துட்டேன் மச்சான். இனிமே கொடுக்க மாட்டேன். அவ தேடி எடுக்கட்டும்."

"டாக்டர் வேற மாதிரி சொன்னாங்களே?"

"டாக்டருக்கு நோய் தெரியும். மறக்கிறவங்களை எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து அவர் வாயை மூடினார்.

அதை நான் பார்த்தேன். ஒரு மாலை நானும் மகளும் போயிருந்தோம். "மதியம் என்னம்மா சாப்பிட்டே?" என்றாள் மகள். தங்கையின் கண் இடது பக்கம் போனது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் வாயைப் பொத்தியிருந்தார். ரொட்டியும் முட்டையும் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"ஏங்க" என்றாள் தங்கை.

அவர் அசையவில்லை.

"ஏங்க, கேட்கறாங்கல்ல?"

"அப்பா, சொல்லேன்ப்பா" என்றாள் மகள்.

"அவ சொல்லுவா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "கொஞ்சம் பொறு. வரும்."

வரவில்லை. தங்கை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லோரும் சேர்ந்து தன்னிடம் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் தாமும் அழுதுகொண்டே, "ஒத்திகைல இதெல்லாம் நடக்கும். முதல்ல அழுவாங்க" என்றார்.

வாரக் கணக்கில் இது நடந்தது. துண்டு எங்கே என்று அவள் கேட்டால் சொல்ல மாட்டார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றால் கூடத் தானாகத் தெரியட்டும் என்று காத்திருப்பார். மகள் கத்தினாள். நான் நயமாகவும் பயமாகவும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நடுவில் ஒரு நாள் தங்கை, தானாகவே, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று சொன்னதை எனக்குத் தொலைபேசியில் சொன்னார், குழந்தை முதல் வார்த்தை பேசியதைப் போல. அன்று வெயில் இருந்ததா என்று கீழ்க் கடைக்காரரிடம் விசாரித்தேன். காலையிலிருந்து தூறல் என்றார்.

தங்கை என்னிடம் ஒரு முறை ரகசியமாகச் சொன்னாள்: "அண்ணா, அந்த ஆளு என்கிட்ட பேசறதே இல்ல. நான் என்ன தப்புப் பண்ணேன்? எனக்குத் தெரியல. கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறான்." அவரை அவள் அவன் இவன் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

பிறகு நடந்ததைச் சைக்கிள் கடைக்காரரிடமிருந்தும், மூலையில் இருக்கும் பூட்டுக் கடைப் பெண்ணிடமிருந்தும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் சொன்னது ஒத்துப்போகிறது.

தங்கை ஒரு காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கடைக்காரரிடம் சொன்னாள். அவள் வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மாப்பிள்ளை கொஞ்சம் பின்னால் வந்தார். கடைக்காரர் அவளைத் தடுக்கப் போனபோது, உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினார். "வழி ஞாபகம் வருது அவளுக்கு. விடுங்க" என்று கிசுகிசுத்தார். கண் மின்னியதாம்.

அவள் தெரு முனை வரை நேராகப் போனாள். சிக்னலில் நின்றாள். விளக்கு மாறியது. அவள் போகவில்லை. மறுபடியும் மாறியது. ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு கடந்தார்கள். அவள் வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். இடது பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், அவர் நின்றிருந்தார்.

"சார்" என்றாள் அவரிடம். "பல் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் சார்?"

அவர் பேசவில்லை.

"சார், கொஞ்சம் சொல்லுங்க சார். நேரமாச்சு. திட்டுவாங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தான் யாரென்றாவது அவளுக்கு இப்போது வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று காத்திருந்ததாக அவரே பின்னால் என்னிடம் சொன்னார். அவள் வாகனங்களுக்கு நடுவே காலை எடுத்து வைத்தாள். பூட்டுக் கடைப் பெண் ஓடி வந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "யாருய்யா நீ? வயசான பொம்பளை வழி கேட்குது, மரம் மாதிரி நிக்கிறே?" என்று அவரைத் திட்டினாள். அப்போதும் அவர் பேசவில்லை. என் தங்கை அந்தப் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இந்த ஆளு என் பின்னாடியே வர்றான்" என்றாள்.

மகள் அன்றே வந்து அவரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார், ஒத்திகையில் பிரதியை மூடி வைத்த கதை உட்பட. டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் பேசாம இருந்ததாலதான் முத்திடுச்சா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அப்படிச் சொல்ல மாட்டேன். வியாதி அது போற வேகத்துல போகுது."

"அப்போ நான் எப்பவும் போல எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்திருந்தா, இப்படி ஆகியிருக்காதா?"

"இல்ல. அப்பவும் இங்கதான் வந்து சேர்ந்திருப்பாங்க." டாக்டர் பேனாவை மூடினார். "வழில உங்க குரல் இருந்திருக்கும். பயம் குறைவா இருந்திருக்கும்."



வீட்டுக்குத் திரும்பிய அன்றே பேசத் தொடங்கிவிட்டார். அவளுடைய இடது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து இரவு வரை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வார்த்தை என்ற விதியை விட்டுவிட்டார். முழு வரிகளையும் கொடுத்தார். ஆனால் அவள் கண் அந்தப் பக்கம் வருவது நின்றுவிட்டது. குரல் எங்கிருந்து வருகிறது என்று அவள் பார்ப்பதில்லை. வானொலி ஓடுவதைப் போல அது ஓடிக்கொண்டிருந்தது.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு நாள் நான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தார். "அண்ணன் வந்திருக்கார். வாங்கண்ணான்னு சொல்லு."

தங்கை என்னைப் பார்த்தாள். நெடு நேரத்துக்குப் பிறகு அவளுடைய பழைய குரல் கணீரென்று வந்தது.

"அண்ணன் வந்திருக்கார். வாங்கண்ணான்னு சொல்லு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ராஜா வேடக்காரர் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் உதடு கோணியது. சிரிப்பாகத்தான் தொடங்கியது. அது என்னவாக முடிந்தது என்று நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பின்னால் அவர் மறுபடியும் குனிந்து, "இவர் என் புருஷன்னு சொல்லு" என்பது கேட்டது. அவளும் சொன்னாள், கடைசி வார்த்தை வரை ஒன்று விடாமல்: "இவர் என் புருஷன்னு சொல்லு."

அந்த எதிரொலியும் ஒரு பருவம் வரைதான் இருந்தது.

இப்போது அவள் பேசுவதில்லை. ஊட்டினால் வாயைத் திறக்கிறாள். சில நாட்கள் அதற்கும் இல்லை. மகள் வாரத்தில் பாதி நாள் வந்து இருக்கிறாள். மாப்பிள்ளை அதே நாற்காலியில், அதே இடது பக்கம். உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. முன்பு அசைவதே தெரியாத உதடு. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மச்சான். அவ பாகம்" என்றார். "யாராவது பேசணும்ல."

நேற்று நான் கிளம்பும் நேரத்தில், கேட்காமலே அந்தக் காலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "அவ பயந்து போய் என்னைப் பார்த்தா மச்சான். முகத்தையே பார்த்தா. ஒரு வார்த்தை போதும், வலது பக்கம்னு. நான் கையை வாய்ல வச்சுக்கிட்டு நிக்கிறேன். அவ அந்த... அங்க நின்னா பாருங்க, அந்த... விளக்கு மாறி மாறி எரியுமே, அதுக்குப் பேரு..."

நின்றுவிட்டார். கண் வலது பக்கம், என் தங்கை உட்கார்ந்திருந்த பக்கம் போனது. தலை திரும்பவில்லை, கண் மட்டும் போனது. அவள் தன் மடியில் கிடந்த துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். சொல்லவில்லை. அது வராமல் போகட்டும் என்று நினைத்தேன். விடைபெற்றுக்கொண்டு படியிறங்கினேன். கீழே கடைக்காரர் ஒரு சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெருவில் கால் வைக்கும்போது மேலே கதவு திறந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்து நின்றார்.

"சிக்னல், மச்சான்" என்றார். "சிக்னல்."